கியர் சைக்கிளும் ஒரு ஸ்கூப் பவுடரும்

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. காரணம் வழக்கமான சோம்பேறித்தனம் மட்டுமில்லை, கொஞ்சம் வெட்கமும்தான். போன டிசம்பரில் ஒரு சைக்கிள் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தேன் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த மூன்றாம் இடத்தைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் வந்தால் பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு சின்ன செய்தி வரும். அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்ட அளவிலான மிதிவண்டிப் போட்டி. நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவு. சின்னப் பையன்களுக்கு 15 கிலோமீட்டர், சின்னப் பெண்களுக்கு 10. மற்ற இரண்டு பிரிவிலும் பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. முதல் பரிசு 5,000 ரூபாய், அடுத்து 3,000, அடுத்து 2,000. நாலாவதிலிருந்து பத்தாவது வரை வருகிறவர்களுக்கு ஆளுக்கு 250. வயதுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். அப்புறம் ஒரு நிபந்தனை: இந்தியாவில் தயாரான சாதாரண கைப்பிடி உள்ள சைக்கிள் மட்டுமே அனுமதி.

ஒன்பதாவது படிக்கும்போது நானும் ஒரு தடவை ஓட்டினேன். பத்துக்குள் வரவில்லை, 250 ரூபாயும் போச்சு :-) அந்தக் கடைசி நிபந்தனையைப் படித்துவிட்டு நானும் என் பங்காளியும் விழுந்து விழுந்து சிரித்தோம். "உலகம் கார்பன் ஃபைபர்ல போய்க்கிட்டு இருக்கு, இவங்க இன்னும் பால்காரர் சைக்கிளை விடமாட்டேங்கிறாங்கடா" என்றான் அவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மதுரையில் ஏதுடா மலை?

காலேஜ் வந்த பிறகு ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசில் செகண்ட் ஹேண்டில் ஒரு மவுண்டன் பைக் வாங்கினேன். 21 கியர், முன்னால் சஸ்பென்ஷன். "மதுரையில் ஏது மலை, மவுண்டன் பைக் ஓட்ட?" என்று கேட்கிறவர்கள் ஒருநாள் காலை ஐந்தரைக்கு என்னோடு வரவும். நாகமலை, சமணமலை, பசுமலை, யானைமலை, அழகர்மலை என்று ஊரைச் சுற்றிப் பாறையாகத்தான் இருக்கிறது. நாங்கள் மேலே ஏறுவதில்லை. அடிவாரத்து மண் பாதை, கண்மாய்க் கரை, சரளை ரோடு, அவ்வளவுதான். நிஜமான ஏற்றம் வேண்டுமென்றால் சிறுமலைக்குப் போவோம். உலகத் தரத்தில் ஒரு விஷயம் மட்டும் எங்களிடம் உண்டு: கருவேல முள். ஒரே காலையில் மூன்று பஞ்சர் ஒட்டிய அனுபவம் ஐரோப்பியச் சாம்பியன்களுக்குக்கூட இருக்காது.

மவுண்டன் பைக் பந்தயம் நம் பக்கத்துக்கு அப்படியொன்றும் புதிதில்லை. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப்பே திருவனந்தபுரம் பக்கம் பொன்முடியில்தான் நடந்தது. அதைப் பார்த்து ஆசை வந்த கூட்டத்தில் நானும் ஒருவன்.

போன டிசம்பரில் மேலூர் பக்கம் ஒரு சின்னப் பந்தயம். 12 கிலோமீட்டர் மண் பாதையில் இரண்டு சுற்று. நாற்பது பேர் இருப்போம். பெரும்பாலும் காலேஜ் பையன்கள், ஐ.டி. கம்பெனி அண்ணன்கள், இரண்டு டாக்டர்கள். முழு அமெச்சூர். முந்தின வாரம் நான் போகிற ஜிம்மில் ஒரு அண்ணன் ஒரு பெரிய டப்பாவைக் காட்டி, "தம்பி, ஏறுறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு ஸ்கூப் தண்ணியில கலக்கிக் குடிங்க, பறக்கும்" என்றார். ஒரு பேப்பரில் மடித்தும் கொடுத்தார். என்ன ஏது என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கு யோசித்தால் அதுதான் ஆச்சரியம். ரோட்டோரம் ஜிகர்தண்டா குடிக்கும்போதே ஐஸ் எந்தத் தண்ணியில் போட்டது என்று விசாரிக்கிற ஆள் நான்.

பறந்தது. பொய் சொல்லவில்லை. இரண்டாவது சுற்றில் காலே வலிக்கவில்லை. கடைசி ஒரு கிலோமீட்டரில் எனக்கு முன்னால் ஒரு பையன் மட்டும். பதினொன்றாம் வகுப்பு. ஓட்டியது அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். மட்கார்டையும் கேரியரையும் கழற்றிவிட்டு, எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனான். கண்மாய்க் கரை ஏற்றத்தில் கியரைக் குறைத்து அவனைத் தாண்டினேன். எனக்கு மூன்றாமிடம், 1,500 ரூபாய், ஒரு ஹெல்மெட். அவனுக்கு நாலாமிடம், ஒரு சர்டிபிகேட். முடிந்ததும் அவனே வந்து, "செமையா மிதிச்சீங்கண்ணே" என்று கை கொடுத்தான். அப்புறம் என் சைக்கிளைத் தொட்டுப் பார்த்து, "இது எவ்வளவுண்ணே வரும்?" என்று கேட்டான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனசாட்சி உறுத்தியதால் இல்லை (அது அப்புறம்தான்). நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று மணிக்கு ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் முதல்முறையாக, 'அந்த டப்பாவில் என்னதான் இருந்தது?' என்று தோன்றியது.

மறுநாள் போய் லேபிளைப் படித்தேன். உணவுப் பொருளுக்குக் கட்டாயம் இருக்க வேண்டிய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிமம் எண் எங்கேயும் இல்லை. பட்டியலில் 'ஜெரேனியம் சாறு' என்று ஒன்று. ஏதோ பூச்செடி, ஆயுர்வேதம் மாதிரி என்று நினைத்துக்கொண்டு தேடிப் பார்த்தால், டி.எம்.ஏ.ஏ. என்கிற ஊக்கப்பொருளை விற்பவர்கள் அதற்கு மாட்டிய முகமூடிகளில் இதுவும் ஒன்று. போட்டி நேரத்தில் உடம்பில் இருக்கக் கூடாது என்று வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) தடை செய்திருக்கும் பொருள் அது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்குச் சற்று முன்பு இந்திய வீரர்கள் பலர் மாட்டியது இதே பொருளில்தான். இதயத்துக்கு ஆபத்து என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013ல் எச்சரித்ததும் இதைப் பற்றித்தான்.

ஆக, ஐயா டோப்பிங் செய்த ஆள். சுத்தமான தமிழில், ஏமாற்றுக்காரன்.

"அமெச்சூர்தானே, விடுப்பா"

இதைச் சொன்னபோது ஒரு நண்பன், "டோப்பிங் எல்லாம் ஆர்ம்ஸ்ட்ராங் ரேஞ்சுக்குடா, உனக்கெல்லாம் எதுக்கு அந்தப் பெரிய வார்த்தை" என்று கலாய்த்தான். நிறையப் பேர் நினைப்பது அதுதான். ஏமாற்றுவது பெரிய இடத்துச் சமாச்சாரம், 1,500 ரூபாய்க்கு யார் ஏமாற்றுவார்கள் என்று. ஆனால் நடந்ததைப் பாருங்கள்.

ஈ.பி.ஓ. என்று ஒரு மருந்து. சிவப்பணுக்களைக் கூட்டும் ஹார்மோனை ஆய்வகத்தில் செய்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்காக 1989ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம்மூரில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வீட்டில் கேட்டால் இந்த ஊசியைத் தெரிந்திருக்கும். சிவப்பணு கூடினால் ஆக்சிஜன் கூடும், ஆக்சிஜன் கூடினால் கால் ஓயாது. 1990களில் பெரிய சைக்கிள் பந்தயங்களை இது கிட்டத்தட்டக் கைப்பற்றியது. 1999 முதல் 2005 வரை ஏழு முறை டூர் டி பிரான்ஸ் ஜெயித்த லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பட்டங்கள் 2012ல் பறிக்கப்பட்டன. எல்லாருக்கும் தெரிந்த கதை. பலருக்குத் தெரியாத கதை, அதே 2012ல் நியூயார்க்கில் நடந்த ஒரு பொதுமக்கள் சைக்கிள் பந்தயத்தில் இரண்டு பேர் ஈ.பி.ஓ.வில் மாட்டினார்கள் என்பது. அது நம்மைப் போன்றவர்கள் பணம் கட்டிக் கலந்துகொள்கிற ரகம்.

மேலே போட்ட மருந்து கீழே இறங்கிவர இருபது வருஷம் ஆனது. அடுத்து வந்த தொழில்நுட்பத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை. 2016 ஜனவரியில் பெல்ஜியத்தில் நடந்த உலக சைக்ளோகிராஸ் போட்டியில் ஃபெம்கே வான் டென் ட்ரீஷ் என்ற 19 வயதுப் பெண்ணின் சைக்கிளுக்குள் மோட்டார் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அது தன் சைக்கிள் இல்லை, நண்பருடையது என்றார் அவர். 6 வருஷம் தடை, 20,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். மறு வருஷமே, 2017 அக்டோபரில், பிரான்ஸின் டோர்டோன் பகுதியில் ஒரு உள்ளூர் அமெச்சூர் பந்தயத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் இதே வேலையைச் செய்து மாட்டினார். உலகப் போட்டியிலிருந்து கிராமத்துப் பந்தயத்துக்கு வர இந்த முறை இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

மனித உடம்பு என்ன செய்யும் என்று ஒரு கணக்கு. நானெல்லாம் ஒரு மணி நேரம் தம் கட்டி மிதித்தால் 200 வாட் வந்தால் பெரிய விஷயம். உலகத் தர வீரர்கள் 400 பக்கம் போவார்கள். சீட் குழாய்க்குள் ஒளிந்திருக்கிற மோட்டார் ஒரு நூறு வாட் சேர்த்துக் கொடுத்தாலே நான் வேறு ஆள். நம் நாட்டில் 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓடும் மின்சைக்கிளுக்கு லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம். சாதா சைக்கிளில் மாட்டும் மோட்டார் கிட் ஆன்லைனில் வீட்டுக்கே வருகிறது. காய்கறி விற்கிற தாத்தாவுக்கு அது வரப்பிரசாதம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மோட்டார் வருஷா வருஷம் சின்னதாகிக்கொண்டும் சத்தம் குறைந்துகொண்டும் வருகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனி வரப்போவது

உலக சைக்கிள் சங்கம் 2025 பிப்ரவரியில் ஒரு புதுத் தடை கொண்டுவந்தது. என்ன தெரியுமா? கார்பன் மோனாக்சைடைத் திரும்பத் திரும்பச் சுவாசிப்பது! மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கினால் ஆளைக் கொல்லுமே, அதே வாயு. கொஞ்சமாக இழுத்தால் உடம்பு ஆக்சிஜன் பற்றாக்குறை என்று பயந்துபோய் ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது. மலை உச்சியில் போய்த் தங்கிப் பயிற்சி எடுத்த பலன், சமவெளியில் ஒரு அறைக்குள்ளேயே. 2026 முதல் வாடாவின் பட்டியலிலும் இது சேர்ந்துவிட்டது.

அடுத்தது மரபணு. ஃபின்லாந்தின் ஏரோ மான்டிரான்டா என்ற பனிச்சறுக்கு வீரர் 1960களில் ஒலிம்பிக்கில் ஏழு பதக்கம் வாங்கியவர். பிறவியிலேயே அவர் குடும்பத்தில் ஒரு மரபணு மாற்றம். ரத்தத்தில் சிவப்பணு எக்கச்சக்கம். அது அவர் தப்பில்லை, பிறவி வரம். ஆனால் அந்த வரத்தை ஊசியில் ஏற்றலாமா என்ற யோசனை வந்துவிட்டது. 2003லேயே வாடா மரபணு டோப்பிங்கைத் தடை செய்துவிட்டது. 2006ல் ஜெர்மனியில் ஒரு தடகளப் பயிற்சியாளர் மீதான வழக்கில், சோதனை நிலையில் இருந்த ரெபாக்சிஜன் என்ற மரபணு மருந்தை அவர் தேடியது வெளியே வந்தது. மருந்து ஆய்வகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே வாசலில் ஆள் நிற்கிறார் பாருங்கள்!

"எதுக்கு இந்தப் போலீஸ் வேலை? எல்லாரும் எல்லாத்தையும் போட்டுக்கட்டும்னு விட்டுட்டா சமமாயிடும்ல?" என்று ஒரு கட்சி உண்டு. மருந்து போட்டுக்கொண்டு ஓடலாம், நீந்தலாம் என்று ஒரு போட்டியையே 2026 மே மாதம் லாஸ் வேகாஸில் நடத்தப்போவதாக 2025ல் அறிவித்தார்கள். கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் சமம் என்றால் எதில் சமம்? லாஸ் வேகாஸ்காரருக்குப் பக்கத்தில் டாக்டர் இருப்பார், ரத்தப் பரிசோதனை இருக்கும். இலவச சைக்கிளில் வந்த பையனுக்கு என்ன இருக்கும்? லேபிள் இல்லாத டப்பாவும் ஜிம் அண்ணனின் வாய்வார்த்தையும்தான்.

இதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி. 800 மீட்டரில் திருச்சி முடிகண்டம் கிராமத்து கோமதி மாரிமுத்து தங்கம் வாங்கினார். தமிழ்நாடே கொண்டாடியது, எங்கள் வீட்டு டிவியிலும் அன்று அதுதான். அப்புறம் நாண்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு. நாலு வருஷத் தடை, பதக்கமும் போனது. தடை செய்யப்பட்ட எதையும் வாழ்க்கையில் எடுத்ததில்லை என்றே அவர் சொன்னார். ஆனால் விதி அதைக் கேட்பதில்லை. உன் உடம்புக்குள் இருப்பதற்கு நீதான் பொறுப்பு, அவ்வளவுதான். இதில் ஒரு கொடுமை, மார்ச்சிலேயே பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் அது இருந்திருக்கிறது. முடிவு கைக்கு வருவதற்குள் தோஹா முடிந்துவிட்டது.

இன்னும் கீழே வருவோம். 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி. ஊக்கமருந்துப் பரிசோதகர்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஆண்கள் 100 மீட்டர் இறுதிப்போட்டிக்கு ஒரே ஒருவர்தான் வந்து ஓடினார். மைதானத்துக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. வாடாவின் கணக்குப்படி 2022ல் இந்தியாவில் 3,865 மாதிரிகளில் 125 மாட்டின. 2024ல் 7,113ல் 260. அதிகமாகப் பரிசோதனை செய்யும் நாடுகளில் விகிதத்தில் நாம்தான் முதலிடம். இதெல்லாம் பரிசோதித்தவர்களின் கணக்கு. மேலூர் கண்மாய்க் கரைக்கு எந்தப் பரிசோதகரும் வரப்போவதில்லை. என்னை எந்தக் கணக்கிலும் தேட முடியாது.

அந்த ஒரு வரி

இப்போது அண்ணா போட்டிக்குத் திரும்பி வருகிறேன்.

ஆய்வகத்தை நம்பி அமெச்சூர் விளையாட்டைக் காப்பாற்ற முடியாது. இந்தியாவுக்கே டெல்லியில் இருக்கிற ஒரு ஆய்வகம்தான் வாடா அங்கீகாரம் பெற்றது. அதுவும் 2019 ஆகஸ்டிலிருந்து 2021 டிசம்பர் வரை அங்கீகாரம் இழந்து கிடந்தது. ஆக, சின்னப் பந்தயத்துக்கு வேண்டியது கண்ணாலேயே பார்த்துச் சரிபார்க்கக்கூடிய விதி. 'சாதாரண சைக்கிள் மட்டும்' என்பது அப்படி ஒரு விதி. அதைச் சரிபார்க்கக் கருவி வேண்டாம், காசு வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். பி.டி. சார் ஒரு பார்வை பார்த்தால் போதும். 2 லட்ச ரூபாய் சைக்கிளும் இலவச சைக்கிளும் மோதிக்கொள்வதை அது ஆரம்பத்திலேயே நிறுத்திவிடுகிறது. நாங்கள் பழைய பஞ்சாங்கம் என்று சிரித்தது, உண்மையில் ஏழைப் பையனுக்குப் போட்ட வேலி.

நம்மூருக்கு இந்த ஞானம் புதிதும் இல்லை. மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துத்தான் விடுவார்கள். பூஞ்சிட்டோடு பெரிய மாட்டை விட்டால் ஊரே சண்டைக்கு வரும். அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு வருகிற மாடுபிடி வீரரை முதலில் டாக்டர் பார்க்கிறார், குடித்திருந்தால் வெளியே. மாட்டுக்கும் பரிசோதனை உண்டு. இவ்வளவு விவரமான ஊரில், சைக்கிள் பந்தயத்தில் மட்டும் பணம் கட்டியவன் எதில் வேண்டுமானாலும், எதைப் போட்டுக்கொண்டும் வரலாமா?

என் யோசனை மூன்றுதான். ஒன்று, எந்த அமெச்சூர் பந்தயமானாலும் கியர் இல்லாத சாதா சைக்கிளுக்குத் தனிப் பிரிவும் அதே பரிசும் இருக்க வேண்டும். இரண்டு, முதல் ஐந்து பேரின் சைக்கிளில் சீட்டை உருவி குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், சக்கரத்தின் நடுவையும் பார்க்க வேண்டும். ஒரு ஸ்பேனர், பத்து நிமிஷம். மூன்று, உடம்புக்குள் போவதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், அதைப் பேச வேண்டும். பந்தயத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து வரவேற்புரை அரை மணி நேரம் ஆற்றுகிறார்களே, அதில் ஐந்து நிமிஷம் போதும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இல்லாத டப்பாவைத் தொடாதே. மருந்து எதுவானாலும் நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) விட்டிருக்கிற 'நோ யுவர் மெடிசின்' செயலியில் பார். மூன்றாவது யோசனை பலவீனமானது என்று எனக்கே தெரியும். மரபணு ஊசி வரும் காலத்தில் மைக்கில் பேசி என்ன ஆகும் என்று கேட்கலாம். ஆனால் எனக்கு யாராவது அந்த ஐந்து நிமிஷம் சொல்லியிருந்தால் பேப்பர் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் ஒரு தடவையாவது யோசித்திருப்பேன். நான் வில்லன் இல்லை, சோம்பேறி. பெரும்பாலான ஏமாற்று அப்படித்தான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

பந்தயம் நடத்தியவர்களிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "அட விடுப்பா, அமெச்சூர் ரேஸ்தானே, இதுக்குப் போய்..." என்று சிரித்தார்கள். ரிசல்ட்டை மாற்றவில்லை. அவர்களிடமே நம்பர் வாங்கி அந்தப் பையனைப் போய்ப் பார்த்தேன். 1,500 ரூபாயையும் ஹெல்மெட்டையும் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பவுடர் இல்லைன்னா நான்தானேண்ணே முன்னாடி வந்திருப்பேன்?" என்று கேட்டான். கியர் இருந்ததே, அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "ஆமாடா" என்றேன்.

அவனுக்கு 17 நிறைய இன்னும் சில மாசம் இருக்கிறதாம். இந்த செப்டம்பரில் அண்ணா போட்டியில் ஓட்டப்போகிறான். சாதாரண சைக்கிள் மட்டும் என்பதால் அங்கே அவனுக்கு முன்னால் கியரோடு எவனும் வர முடியாது. வழியில் தண்ணீர் பாட்டிலோடு நான் நிற்பேன். வெறும் தண்ணீர்தான் :-)

டிஸ்கி: ஹெல்மெட் அவனுக்குக் கொஞ்சம் பெரிசு. பஞ்சு வைத்துப் போட்டுக்கொள்கிறேன் என்றான்.